காதுக்கு இரண்டு விரல் தூரம்

அடிக்கோல் இல்லாமல், ஜாதகம் பார்க்காமல், சர்க்கார் ரிஜிஸ்டர் ஒன்றைக்கூட நம்பாமல், பள்ளிக்கூட வாசலையே மிதித்திராத நூற்றுப் பதினேழு பிள்ளைகளை ஒரே பகலில், பாதி நேரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அளந்து, காத்திவாக்கத்துக்கு அடுத்த ஐந்து வருஷத்துக்கு எத்தனை வாத்தியார் வேண்டும் என்று சொன்னவன் நான். சொன்ன கணக்கில் ஒரு பிள்ளை கூடவில்லை, ஒரு பிள்ளை குறையவில்லை. சேதி பரவி, பட்டணத்து ஜோசியர்கள் எல்லாரும் கடையைச் சாத்திவிட்டு என்னிடம் பாடம் கேட்க வந்தார்கள் என்று என் மச்சினன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அது மிகை. இரண்டு பேர்தான் வந்தார்கள்.

நான் பென்ஷன் வாங்கிப் பல வருஷம் ஆகிறது. இனிமேல் பொய் சொல்லி எனக்குப் பிரமோஷன் வரப் போவதில்லை. ஐந்து வருஷத்துக் கணக்கில் பின்னால் வந்த நாலு வருஷத்தை நீங்கள் நம்ப வேண்டாம், விட்டுவிடுங்கள். முதல் வருஷத்துக்குச் சாட்சி இருக்கிறது. அதுவும் எப்பேர்ப்பட்ட சாட்சி. சௌக்கத் அலி.

சௌக்கத் அலி எங்கள் ஹெட் கிளார்க். திருவொற்றியூர்த் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் எங்கள் சரகத்துப் பள்ளிக்கூட ஆபீசு இருந்தது. நான் அங்கே கடைசி மேஜை குமாஸ்தா, லோகநாதன், வயசு இருபத்துநாலு. சௌக்கத் அலி முதல் மேஜை. சூரியன் உதித்துவிட்டது என்று சொன்னால், யார் பார்த்தது, எத்தனை மணிக்கு, கூட யார் இருந்தது என்று கேட்கிற மனுஷர். அவர் நிக்காஹ் நடந்தபோது மூன்று தடவை சம்மதம் கேட்டார்களே, அதில் இரண்டு தடவை சந்தேகப்பட்டார் என்று ஆபீசில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு, தை மாசம். வருஷா வருஷம் தை பிறந்ததும் எங்கள் ஆபீசுக்கு ஒரு வேலை வரும். அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது எந்தப் பள்ளிக்கு எத்தனை வாத்தியார் வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லி மேலே அனுப்ப வேண்டும். வேலை சுலபம். ஜனவரி மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் எல்லாப் பள்ளியிலும் தலை எண்ணுவார்கள். நாற்பது வரைக்கும் ஒரு வாத்தியார். நாற்பத்தொன்று ஆனால் இரண்டு. அவ்வளவுதான். ஜூன் மாசத்துப் பிள்ளையை ஜனவரியில் எண்ணி முடித்துவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போய்விடுவோம்.

இதில் ஒரு கோளாறு. ஜனவரியில் எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் இறங்கும். அந்தக் காலத்து இறாலை நீங்கள் பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் என் முன்கை நீளம். கையை விட்டுத் துழாவினால் அதுவே கையைப் பிடித்துக் குலுக்கும். காத்திவாக்கத்துப் பிள்ளைகள் மூங்கில் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் துழாவுவார்கள். பறி நிறைகிற வீட்டில் சட்டி நிறையும். அந்த மாசத்தில் எந்தத் தாயும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டாள். அனுப்புகிறவளைப் பார்த்து ஊர் சிரிக்கும்.

ஆகக் காத்திவாக்கத்தில் எண்ணிய அன்று வந்திருந்தது முப்பத்தொரு தலை. ஒரு வாத்தியார் போதும்.

அங்கே இருந்ததோ இரண்டு பேர். மூத்தவர் வெள்ளத்துரை, தலைமை வாத்தியார். அவர் வாய்ப்பாடு சொன்னால் கழிமுகம் தாண்டிக் காட்டுப்பள்ளியில் ஆடு மேய்க்கிறவனுக்கும் மனப்பாடம் ஆகிவிடும். இளையவள் மங்கை. புளியந்தோப்புக்காரி, பௌத்தக் குடும்பம், அப்பா பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் கலாசித் தொழிலாளி. காலையில் பாசஞ்சரில் ஏறி எண்ணூரில் இறங்கி மணலில் நடந்து வருவாள். முதல் மாசம் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கவே யோசித்த ஊர் அது. அவள் வீட்டிலிருந்து சொம்பு கொண்டுவந்தாள். ஆறாம் மாசம் சொம்பை மறந்துவிட்டு வந்த அன்று ஏழு வீட்டிலிருந்து தண்ணீர் வந்தது என்று வெள்ளத்துரை சொல்வார். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததே அவள் வந்த பிறகுதான்.

மூன்று வருஷம் முறியாமல் பாடம் நடத்தினால்தான் அவளுடைய ட்ரெயினிங் சர்டிபிகேட்டு முழுசாகும். ஒன்றரை ஆகியிருந்தது. ஜூனில் பதவி போனால் அதுவரை செய்ததெல்லாம் போச்சு. வேறு பள்ளியில் இடமும் கிடையாது, ஏனென்றால் எல்லாப் பள்ளிக்கும் நாங்கள் ஜனவரியிலேயே எண்ணி முடித்திருந்தோம்.

பதவி போகிற சேதி வெள்ளத்துரை மூலமாக அவள் காதுக்குப் போன மறுநாள் எங்கள் மாடிப்படியில் ஏறி வந்தாள். நான் அழுகைக்குத் தயாராகக் கைக்குட்டையை எடுத்து வைத்தேன். அவள் அழவில்லை. சௌக்கத் அலியின் மேஜைக்கு முன்னால் நின்று, எண்ணியது சரிதான், எண்ணிய மாசம்தான் தப்பு என்றாள். ஜூனில் வந்து எண்ணுங்கள் என்றாள்.

"ஜூன்ல வருவாங்கன்னு எல்லா ஸ்கூல்லயும்தான் சொல்றாங்கம்மா," என்றார் அவர். "கண்ணுல இல்லாத பிள்ளைக்கு நான் எப்படி வாத்தியார் போடுறது?"

"கண்ணுல காட்டிட்டா போடுவீங்களா ஐயா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பட்டியல் சனிக்கிழமைத் தபாலில் போகிறது, அதற்குள் ஜூன் மாசத்துப் பிள்ளைகளை ஆதாரத்தோடு காட்டினால் பார்க்கலாம், இந்தப் பிள்ளைக்கு ஜூனில் ஐந்து வயசு என்று நிரூபிக்க வேண்டும், வாய்ப்பேச்சு உதவாது என்று சொல்லிவிட்டு ஃபைலுக்குள் போய்விட்டார்.

அன்று புதன்கிழமை.

பிறப்பு ரிஜிஸ்டரைப் பார்க்கலாமே என்று நான்தான் யோசனை சொன்னேன். மணியக்காரர் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். காத்திவாக்கத்தில் ஐந்து வருஷத்தில் பதிவான பிறப்பு ஒன்பது. பதிவான சாவு அறுபத்திரண்டு. பிள்ளை பிறந்தால் யார் மெனக்கெட்டு எழுதி வைப்பார்கள்? செத்தால் மட்டும் சுடுகாட்டு ஆள் எழுதி விடுவான். அந்த ரிஜிஸ்டர்படி பார்த்தால் காத்திவாக்கம் காலியாகி மூன்று வருஷம் ஆகிறது.

வியாழக்கிழமை காலை மறுபடி எங்கள் ஆபீசுக்கு வந்த மங்கையிடம் அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. நம்ம ஆபீசே பிள்ளைகளை எப்படிச் சேர்க்கச் சொல்கிறது என்று என்னையே கேட்டாள்.

அது உங்களுக்கும் தெரிந்ததுதான். பிறந்த தேதி இல்லாத பிள்ளை வந்தால், வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து வயசு, சேர்த்துக்கொள். தொடாவிட்டால் வீட்டுக்குப் போ. எங்கள் தாலுகாவில் பாதி ஜனத்தின் வயசைத் தீர்மானித்தது அவரவர் காதுதான்.

"போன ஜூன்ல தொடாத பிள்ளைங்களை நான் சும்மா அனுப்பல," என்றாள் மங்கை. "எத்தனை வெரல் தூரம்னு பாத்து வெச்சேன். அதுக்கு முன் ஜூன்லயும் பாத்து வெச்சேன். வருஷத்துக்கு ரெண்டு வெரல் வளருது. எல்லாப் பிள்ளைக்கும். இப்ப ஒரு வெரல் தூரத்துல இருக்கறது ஜூன்ல தொட்டுடும்."

நான் அவளைப் பார்த்தேன். என்னைவிட நாலு வயசு சின்னவள். எங்கள் ஆபீசு இருபது வருஷமாகச் செய்து வந்த காரியத்தை ஒரே வாக்கியத்தில் கவிழ்த்துவிட்டு, எண்ணூர் வண்டிக்கு நேரமாகிறது என்று நிற்கிறாள். வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு நானும் வருகிறேன் என்றேன். சௌக்கத் அலி லீவுக் காரணம் கேட்டார். வயிற்று வலி என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை, கக்கத்தில் நோட்டு, கையில் சின்னத் தோல் பை. இந்தக் கோலத்தில் நான் காத்திவாக்கத்துக்குள் நுழைந்தேன். எனக்குத் தெரியாது, அம்மை குத்துகிற இன்ஸ்பெக்டர் அச்சு அசல் இதே கோலத்தில்தான் வருவாராம். ஒரு கூவல் கேட்டது. அவ்வளவுதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் காத்திவாக்கத்தில் பிள்ளை என்று ஒரு ஜீவன் இல்லை. கவிழ்த்த தோணிக்கு அடியில், வலைக் குவியலுக்குள், பானைக்குள், புடவைக்குள். தண்ணீரில் இறால் துழாவிக்கொண்டிருந்தவர்கள் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு முங்கிவிட்டார்கள். கழிமுகம் முழுக்க மூக்கு மிதந்தது. இருநூறு மூக்கு இருக்கும்.

பச்சையம்மா என்று ஒருத்தி, இறால் கூடைக்காரி, அந்தக் கரைக்கே அதிகாரி மாதிரி, இடுப்பில் கை வைத்து வழி மறித்தாள்.

"இன்னா நைனா, பைக்குள்ள இன்னா கீது? ஊசியா?"

பேனா என்றேன். காட்டச் சொன்னாள். காட்டினேன். முள்ளைத் தடவிப் பார்த்தாள்.

"இதுவும் குத்துற சாமான்தான். அப்பால போடு."

பேனாவைப் பைக்குள் வைத்து, பையை மணலில் வைத்து, அவள் அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் வந்த மங்கைதான் விஷயத்தைச் சொன்னாள். தன் பதவி போகப் போவதையும் மறைக்காமல் சொன்னாள். வாத்தியாரம்மா பேச்சில் பச்சையம்மாவுக்குச் சந்தேகம் இல்லை. என்மேல்தான் இருந்தது. காதைத் தொட வைத்து அந்த நேரம் பார்த்துப் புஜத்தில் குத்திவிடுவேனோ என்று.

"மொதல்ல நீ உன் காதைத் தொடு. உனுக்கு ஒண்ணும் ஆவலைன்னா பாக்கலாம்."

காத்திவாக்கத்துக் கரையில், ஊர்ப் பெண்கள் எல்லாரும் பார்க்க, நான் குடையைக் கீழே போட்டு வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுக் காட்டினேன். ஒரு தடவை போதவில்லை. பின்னால் நின்றவர்களுக்குத் தெரியவில்லையாம், திரும்பி நின்று இன்னொரு தடவை.

"சர்தான்," என்றாள் பச்சையம்மா. "இவனை ஒண்ணாவதுல சேத்துக்கலாம்."

அந்தச் சிரிப்பில் தோணிகளுக்கு அடியிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள்.

தண்ணீரில் இருந்தவர்கள் வரவில்லை. இறங்குகிற தண்ணீரில்தான் இறால் கிடைக்கும், அதை விட்டுவிட்டுக் காதைத் தொட யார் வருவார்கள். மங்கை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். நானும் இறங்கினேன். கோட்டோடு. பிள்ளை எழுந்து நிற்கும், பறி பல்லில் தொங்கும், கையை வளைக்கும். விரல் நுனிக்கும் காதுக்கும் நடுவே எத்தனை விரல் தூரம் என்று நான் வைத்துப் பார்த்துச் சொல்ல, கரையில் வெள்ளத்துரை வாத்தியார் கரிக்கட்டியால் தோணிப் பலகையில் கோடு போடுவார். அவர் திருப்பிச் சொல்கிற குரலில் இறாலெல்லாம் பாதித் தூரம் ஓடியிருக்கும்.

நாற்பது பிள்ளை ஆனபோது மங்கை நிறுத்தினாள். ஒரு பெண்பிள்ளைக்கு இரண்டு விரல் என்று நான் சொன்னேன். அவள் அந்தப் பிள்ளையின் இடது கை விரலையே எடுத்து இடைவெளியில் வைத்துப் பார்த்தாள். மூன்று.

என் விரல் முருங்கைக்காய் மாதிரி. என் அம்மா நெய்யாக ஊட்டி வளர்த்தாள், நான் என்ன செய்வேன். மங்கை போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அளந்தது அந்தந்தப் பிள்ளையின் சொந்த விரலால். இந்த ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளாமல் நான் நாற்பது பிள்ளையையும் குமாஸ்தா விரலால் அளந்திருக்கிறேன். என் கணக்குப்படி போனால் பாதி ஊர் ஒரு வருஷம் முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும்.

பரவாயில்லை, ஒரு விரல் முன்னே பின்னே இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது, எனக்குக் குளிரவும் ஆரம்பித்திருந்தது. மங்கை கரையைப் பார்த்து, பலகையை அழித்துவிடுங்கள் சார் என்றாள். முதல் பிள்ளையிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

நாற்பதையும் திரும்ப அளந்தோம். மீதியையும் அளந்தோம். பொழுது சாய்ந்தபோது தண்ணீர் எனக்கு மார்பு வரை, அவளுக்குக் கழுத்து வரை, பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்து அளந்தோம். கைக்குழந்தைகளைத் தாய்மார் தூக்கிக்கொண்டு வந்து அவர்களே கையை வளைத்துக் காட்டினார்கள். ஒன்று என்னைக் கடித்தது. பல் இல்லாத பிள்ளைதான், ஆனாலும் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆக நூற்றுப் பதினேழு. அதில் இப்போதே தொடுகிறதும் ஒரு விரலுக்குள் நிற்கிறதும் சேர்த்து இருபத்தெட்டு. இந்த ஜூனுக்குப் புதுப் பிள்ளை இருபத்தெட்டு, ஏற்கெனவே எண்ணிய முப்பத்தொன்றோடு சேர்த்தால் நாற்பதைத் தாண்டி இரண்டு வாத்தியார். அடுத்த ஜூனுக்கு இருபத்துநாலு. அப்புறம் இருபத்துமூன்று, இருபத்திரண்டு, இருபது.

சனிக்கிழமை காலை தபால் கட்டுவதற்கு முன் அந்தத் தாளைச் சௌக்கத் அலியின் முன்னால் வைத்தோம். அவர் இரண்டு தடவை படித்தார். என் வயிற்று வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு மங்கையைப் பார்த்து, வருஷத்துக்கு இரண்டு விரல் என்பது யார் போட்ட சட்டம், வெயில் காலத்தில் பிள்ளை குறைவாக வளராதா, கஞ்சி குடிக்கிற பிள்ளையும் மீன் சாப்பிடுகிற பிள்ளையும் ஒரே மாதிரி வளருமா என்று கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. மங்கை ஒவ்வொன்றுக்கும், நான் பார்த்த பிள்ளைகளில் அப்படித்தான் இருந்தது என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் ஒரு சொல் கூட்டவில்லை.

"காதைப் பிடிச்சு வாத்தியார் கேக்குற ஊரை நான் இப்பத்தான் பாக்குறேன்," என்று பேனாவை எடுத்தார். ஒரு வாத்தியார் என்று எழுதப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மங்கை மேஜையில் கை வைத்தாள். அந்த மேஜையில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்கூடக் கை வைத்ததில்லை.

"ஐயா, ரெண்டுன்னும் எழுத வேணாம், ஒண்ணுன்னும் எழுத வேணாம். ஜூன் முதல் நாள் நேர்ல பாத்து முடிவுன்னு எழுதுங்க. நீங்களே வாங்க. புதுப் பிள்ளை இருபத்தெட்டு. எண்ணிக்கை தப்புச்சுன்னா அன்னைக்கே நான் போயிடறேன்."

"ஒண்ணு கொறஞ்சாலுமா?"

"கொறஞ்சாலும்."

"ஒண்ணு கூடினா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கூடினால் நல்லதுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். சௌக்கத் அலி எங்களுக்கு விளக்கினார். கூட்டம் சேர்ப்பது எந்தப் பள்ளிக்கும் சுலபம், பொரி உருண்டை கொடுத்தால் முதல் நாள் ஊரே வரும். முன்கூட்டிச் சொன்னது பலித்ததா இல்லையா, அவருக்கு வேண்டியது அது. பலித்தால் ஒரு தலை பிசகாமல் பலிக்க வேண்டும்.

"கூடினாலும் போயிடறேன் ஐயா," என்றாள் மங்கை.

அவர் எழுதினார். தபால் போயிற்று. மாடிப்படி இறங்கும்போது, எதற்கு இப்படி வாயைக் கொடுத்தாய் என்று நான் கேட்டேன். கணக்கு சரியாக இருக்கும்போது பயந்துகொண்டு கேட்டால் அவர் எப்படி நம்புவார் என்றாள்.

ஆனால் நாங்கள் இருவரும் மறந்த ஒன்று உண்டு. ஊர்.

வாத்தியாரம்மா வேலை நிற்க வேண்டுமானால் பிள்ளைகள் காதைத் தொட வேண்டும். காத்திவாக்கம் புரிந்துகொண்டது அவ்வளவுதான். மாசி பிறந்ததும் ஊரே பழக ஆரம்பித்துவிட்டது. சோற்றுக்கு முன் பத்துத் தடவை, தூங்குவதற்கு முன் பத்துத் தடவை. தாய்மார் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள், விளக்கெண்ணெய் தேய்த்தார்கள். கட்டுமரத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தால் கரை முழுக்கச் சனம் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அக்கரைக் காட்டுப்பள்ளிக்காரர்கள் இங்கே ஏதோ புதுச் சாமி வந்திருக்கிறது என்று நினைத்து, இரண்டு வெள்ளிக்கிழமை அவர்களும் தொட்டுப் பார்த்தார்கள். மங்கை வீடு வீடாகப் போய் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னாள். அவள் கூச்சப்பட்டுச் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் பத்துத் தடவை கூட்டிக்கொண்டார்கள்.

ஜூன் முதல் திங்கட்கிழமை. காலைப் பாசஞ்சரில் நானும் சௌக்கத் அலியும் எண்ணூரில் இறங்கினோம். அவர் வெள்ளைப் பைஜாமா, கையில் குடை. பள்ளிக்கூட வாசலில் புதுப் பிள்ளைகள் வரிசை. தலைக்கு எண்ணெய் வழிய, கண்ணுக்கு மை வழிய. பின்னால் தாய்மார், அவர்களுக்குப் பின்னால் ஊர். வெள்ளத்துரை வாத்தியார் ஒவ்வொன்றாகக் கூப்பிட, ஒவ்வொன்றும் படக்கென்று காதைத் தொட்டது. இருபத்தெட்டு தாண்டியது. முப்பது தாண்டியது. நாற்பத்தொன்றில் நின்றது.

ஊர் கைதட்டியது. வெள்ளத்துரை வாத்தியார் சந்தோஷத்தில் பெருக்கல் வாய்ப்பாடே சொல்லியிருப்பார். சௌக்கத் அலி நோட்டை மூடினார்.

"நாப்பத்தொண்ணு. நீங்க சொன்னது இருபத்தெட்டு. கணக்கு பலிக்கலைம்மா."

அவர் குரலில் சந்தோஷம் இல்லை, அதைச் சொல்ல வேண்டும். நான் சண்டைக்கு முண்டா தட்டினேன். பிள்ளை அதிகமானால் வாத்தியாரும் அதிகம்தானே வேண்டும், இது என்ன அநியாயம் என்று கத்தினேன். இன்னொரு ஆளாக இருந்தால் என் பின்னால் சேர்ந்துகொண்டு கத்தியிருப்பாள். நாற்பத்தொரு பிள்ளையைக் காட்டி, ஊரைக் காட்டி, சௌக்கத் அலியை மடக்கியிருப்பாள். மங்கை என்னைக் கையமர்த்தினாள்.

"ஐயா, தலையைச் சாய்ச்சுத் தொட்டுட்டாங்க. நான் பாத்துகிட்டுதான் இருந்தேன். மறுபடி பாக்கணும்."

வரிசையின் முதல் பிள்ளையைக் கூப்பிட்டு, கதவு நிலையில் குதிகாலும் பின்தலையும் படும்படி நிற்க வைத்தாள். உடைந்த சின்னச் சிலேட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, கைக்கு இடைஞ்சல் இல்லாமல் அதன் தலைமேல் முன்பக்கமாகப் படுக்க வைத்தாள். இப்போது தொடு என்றாள். தலை சாய்ந்தால் சிலேட்டு விழும். முதல் பிள்ளை தொட்டது, சிலேட்டு நின்றது. இரண்டாவது தொட்டது, நின்றது. மூன்றாவதற்குச் சிலேட்டு விழுந்தது. அந்தப் பிள்ளையைத் தோளைத் தட்டி ஓரமாக உட்கார வைத்தாள்.

அப்போது கிளம்பியது பாருங்கள் ஒரு சத்தம். கடலே ஒரு நிமிஷம் ஓய்ந்து கேட்டது. தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்கிற வாத்தியாரம்மாவை அந்த ஊர் பார்த்ததில்லை. நாங்கள் நாலு மாசமாகப் பாடுபட்டது யாருக்காக என்று கேட்டார்கள். பச்சையம்மாவின் மகன் ஜெயவேலுக்கும் சிலேட்டு விழுந்தது. அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டாள்.

"இன்னாம்மா, பேஜாரு பண்ற? இவன் சோறுகூடத் துன்னாம கையை நீட்டிகினு கீறான். உனுக்கோசரம்தானே?"

"தெரியும்க்கா," என்றாள் மங்கை. "அடுத்த ஜூன்ல மொத ஆளா இவன்தான். இப்ப நான் பொய் சொன்னா அடுத்த ஜூன்ல நான் இங்க இருக்க மாட்டேன்."

பச்சையம்மா அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு திரும்பி, சத்தம் போடுகிற மற்ற தாய்மாரைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டாள். சத்தம் அடங்கியது. மங்கை அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

சிலேட்டு விழ விழ நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் பதின்மூன்று பேர் உட்கார்ந்தார்கள். உள்ளே இருபத்தேழு பேர். வரிசையில் ஒரே ஒரு பிள்ளை மிச்சம்.

அது குப்பம்மா. வலை பின்னுகிற ஒருவரின் கடைசி மகள். வைகாசியில் இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை, கழுத்து நரம்பு தெரிந்தது. நிலையில் சாய்ந்து நின்றது. சிலேட்டை வைத்தாள் மங்கை. கை மேலே போயிற்று, வளைந்தது, விரல் நீண்டது. சிலேட்டு அசையவில்லை. விரல் நுனி காது மடலுக்கு வந்து நின்றது.

மங்கை பிள்ளைக்கு எதிரே, அதன் வலது பக்கமாக நின்றிருந்தாள். குனிந்து பார்த்தாள். அந்தப் பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. நானும்தான். ஒரு சொல் சொன்னால் இருபத்தெட்டு. யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை, தொட்டுவிட்டது என்று அவள் சொன்னால் போதும்.

"எனக்குத் தொடலைன்னுதான் தெரியுது ஐயா," என்றாள் மங்கை.

சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கையில் இருந்த பெயர்ப் பட்டியலை மட்டும் நாலாக மடித்தாள்.

சௌக்கத் அலி தன் குடையை என்னிடம் கொடுத்தார். வெள்ளைப் பைஜாமாவோடு அந்த மணலில் முட்டி போட்டு உட்கார்ந்தார். குப்பம்மாவின் இடது பக்கமாக நகர்ந்து, கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி, அந்தக் காதுக்கு அரை அடி தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். எத்தனை நேரம் பார்த்தார் என்றால், எண்ணூரில் ஒரு கூட்ஸ் வண்டி வந்து, நின்று, தண்ணீர் பிடித்து, கிளம்பிப் போயிற்று. அந்தக் கை கீழே இறங்கவே இல்லை.

"தொட்டுச்சு," என்றார்.

"ஐயா, எனக்கு..."

"நீங்க அந்தப் பக்கம் நிக்கிறீங்கம்மா. காது இந்தப் பக்கம்தான் இருக்குது." முட்டியில் ஒட்டிய மணலைத் தட்டாமலே எழுந்து நின்று என் பக்கம் திரும்பினார். "என்னய்யா வேடிக்கை பாத்துகிட்டு நிக்கிற, எழுது. புதுப் பிள்ளை இருபத்தெட்டு. நடந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன்."